கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த மருந்து

மதுரை பசுமலையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி ரம்யாஸ்ரீ நான்கு வருடமாக ஒரு புரதக் கூட்டைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். புற்றுநோய் மருந்தை அதற்குள் அடைத்து உடம்புக்குள் விட்டால், கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் கூடு திறக்க வேண்டும். ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியவும் வேண்டும். எல்லாம் கணக்கோடு சரி. ஒரு சொட்டுகூட இன்னும் கையில் எடுத்ததில்லை.

2007 ஆடியில் ஒரு நிருபர் பேட்டி எடுத்துப் போனார். 'முடி கொட்டாத, வாந்தி வராத புற்றுநோய் மருந்து: மதுரை மாணவி கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தது. தப்பு என்று தெரிந்தும், அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டிய சந்தோஷத்தில் அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து, அந்தச் செய்தித்தாளோடு ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். பெயர் முத்திருளன், உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். வெளியே வேப்பமரத்தடியில் அவர் மனைவி முத்துத்தாய், மொட்டையான தலையில் துண்டைப் போர்த்திச் சுருண்டு படுத்திருந்தாள்.

"தாயி, அந்த மருந்தக் குடுங்க. எம்புட்டு நாளு வரச் சொன்னாலும் வாரோம்."

"அண்ணே, மருந்து இன்னும் செய்யல. படந்தான் இருக்கு." திரையைக் காட்டினாள். வண்ணச் சுருள்கள் மெல்லச் சுழன்றன.

"அதுல கொஞ்சமாச்சும்..." என்றார் அவர்.

அவள் ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தாள். "அக்காவுக்குக் கடைசியா எப்பண்ணே மருந்து ஏத்துனாங்க?"

"பேப்பரப் பாத்ததும் நிப்பாட்டிட்டோம் தாயி. அத ஏத்துனா நாலு நாளைக்கு எந்திரிக்க மாட்டேங்கிறா. அதான் உங்களுத வாங்கிக்கலாம்னு... இடம் விசாரிச்சு வர இம்புட்டு நாளாயிருச்சு."

ரம்யாஸ்ரீ திரையை அணைத்தாள். உடனே ஆட்டோ பிடித்து, அவர்கள் பார்த்துவந்த ஆஸ்பத்திரிக்கே இருவரையும் கூட்டிப்போனாள். பழங்காநத்தம் தாண்டும்போது முத்துத்தாய் கேட்டாள்: "அப்ப மருந்து இல்லையாம்மா?"

"இல்லக்கா."

முத்துத்தாய் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "கட்டி ரொம்பப் பெருத்துருச்சு. நடுவுல விட்டிருக்கக் கூடாது" என்றார். அன்றைக்கே மறுபடி மருந்து ஏற்றினார்கள்.

"தப்பு எம்மேலதாண்ணே. பேப்பர்ல வந்த அன்னைக்கே மறுத்திருக்கணும்" என்றாள் ரம்யாஸ்ரீ. முத்திருளன் கஞ்சி வாங்கப் போனார்.

மறுநாள் அவள் பத்திரிகை அலுவலகத்தில் மன்றாடி நான்கு வரி மறுப்புப் போட வைத்தாள். உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே வந்தது.

ஐப்பசியில் முத்துத்தாய் இறந்துபோனாள். கேள்விப்பட்டு ரம்யாஸ்ரீ உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினாள். முத்திருளன் அவளைத் திட்டவில்லை. "வாங்க" என்றும் சொல்லவில்லை. பந்தலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் திரும்பினாள்.