இருபது சொல் மைனா

ஆசிரியர் டத்துக் சினாரோவின் நோட்டுக்கு இருபத்து நான்கு வயது. நீலத் துணி அட்டை போட்டது. பக்கத்துக்கு இருபது சொற்கள், எதிரே இருபது பொருள்கள், எல்லாம் அவருடைய சாய்வில்லாத நேர் கையெழுத்தில். கோத்தோ சிலாசி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை முதல் மணி என்றால் அந்த நோட்டுதான். அவர் சொல்லைச் சொல்வார், பிள்ளைகள் பொருளை எழுதுவார்கள். நோட்டில் இருப்பது போலவே எழுத வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் அரை மதிப்பெண் போகும்.

மூன்று வருடமாக ஒரு திங்கட்கிழமைகூடத் தவறாமல் இருபதுக்கு இருபது வாங்கியவள் டெல்வி. அவருடைய தங்கை யுஸ்னிமாரின் மகள். தாய்வழிக் குலத்தின் தலைவர் என்ற டத்துக் பட்டம் அவர் தோளில் இருந்தது. தங்கை பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கெல்லாம் ஊர் அவரைத்தான் பார்க்கும். அதனால் தினமும் மாலைத் தொழுகை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, டெல்வியை ஒப்பிக்கச் சொல்வார். அவளும் மடமடவென்று ஒப்பிப்பாள்.

பாயாகும்பூ நகரில் நடக்கும் வாசிப்புப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒருவர் போகலாம். யாரை அனுப்புவது என்பது டத்துக்கின் கையில். ஊரில் எல்லோருக்கும் அது டெல்விதான் என்று தெரியும். யுஸ்னிமார் புது உடுப்பு தைக்கக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மாலை வீட்டில் பிரார்த்தனை, ஊருக்கு மூங்கிலில் சுட்ட லமாங் சோறு என்றும் முடிவு செய்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வருடம் சொல்லுக்குப் பொருள் கேட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிள்ளைகள் முன்பு படிக்காத கதை ஒன்றைக் கொடுத்து, அதில் வரும் சொற்களை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். விடைகளைக் கணினியில் அடித்துத் தாளில் பெயரில்லாமல் எண் மட்டும் போட வேண்டும்.

"சொல் தெரிஞ்சவனுக்குக் கதை புரியாதா?" என்றார் டத்துக். "தலைமையாசிரியை அம்மா, கதையை நானே எழுதித் தர்றேன்."

தலைமையாசிரியை ஹெல்மா அவரிடம் படித்தவர்தான். "நீங்க எழுதினா நல்லாத்தான் இருக்கும், டத்துக்" என்று முடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடையில் டொமினோக் கட்டைகள் பலகையில் அறைபட்டுக்கொண்டிருந்தன. டத்துக் தன் வழக்கமான மூலையில் முட்டைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பலகையில் தங்கையின் புருஷன் மஸ்ருல். மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை, கல்யாணத்தன்று வைத்த பட்டத்தைச் சொல்லி சுத்தான் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். பெகான்பாருவுக்கு லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளை விருந்தாளி, பெண்டாட்டியின் அண்ணன் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிவிட முடியாது. அவர் வளர்க்கும் மைனா கடை வாசலில் கூண்டில் தொங்கியது.

"சுத்தான், உங்க மைனா இப்ப எவ்வளவு பேசுது?" என்று கடைக்காரர் இழுத்தார்.

"இருபது வார்த்தை. இருபதும் சுத்தமா, ஒரு எழுத்து பிசகாம." சுத்தான் தேநீரைக் கிளறினார். "ஆனா பாருங்க, நேத்து தண்ணிக் கிண்ணம் காலி. நாக்கு வறண்டு போச்சு அதுக்கு. வாயத் தொறந்து என்ன கேட்டுச்சு தெரியுமா? 'வாங்க, உக்காருங்க'ங்குது!"

கடை சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் டத்துக்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"பறவை என்ன பண்ணும், சுத்தான்! கத்துக் குடுத்தவன் மடையன்!"

சட்டென்று டொமினோ நின்றது. கடைக்காரர் துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தார். சுத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத நான் எப்படிச் சொல்ல முடியும், டத்துக்" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளைக்கு அடக்கம் அதிகம் என்று டத்துக் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தேர்வு நடந்தது. டத்துக் எழுதிய கதை ஒரு பக்கம்தான். மீன் பிடிக்கக் கூடாதென்று ஊர் மூடிவைத்திருந்த ஆற்றுத் துறையை ஒரு வருடம் கழித்துத் திறக்கிறார்கள். முதல் வலை வீசும் உரிமை ஊர்ப் பெரியவருடையது. புருஷனை இழந்த ஒரு பெண் கரையில் நின்று அந்த முதல் வலையைக் கேட்கிறாள். "தரமாட்டேன், இது எங்கள் குலத்தின் உரிமை" என்று பெரியவர் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார். பிறகு தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். வலையை அவள் காலடியில் வைத்துவிட்டுக் கரை ஏறிப் போகிறார். அவ்வளவுதான் கதை. விட்டுக்கொடுத்தது யார், எப்படித் தெரிகிறது என்பது முதல் கேள்வி. தயங்கியது யார், எந்த இடத்தில் என்பது அடுத்தது. இப்படிப் பத்து.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் முப்பத்து நான்கு தாள்களையும் சிவப்புப் பேனாவோடு திருத்த உட்கார்ந்தார். முதல் ஐந்தாறு தாள்களிலேயே அவர் முகம் சுருங்கியது. தன்னுடைய நோட்டே திரும்பத் திரும்ப வந்து நிற்பது போல் இருந்தது. ஒன்பதாம் எண் தாளில்தான் பேனா நின்றது.

"பெரியவர் வாயால் தரமாட்டேன் என்றார். ஆனால் வலையை அந்த அம்மாவின் காலடியில் வைத்தார். அதனால் விட்டுக்கொடுத்தது அவர்தான். தண்ணீரைப் பார்த்தாரே, அங்கேதான் தயங்கினார். கௌரவம் உள்ளவர்கள் கையில் எடுத்துத் தரமாட்டார்கள், கீழே வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மாவும் கோபமாக இருக்கும்போது சோற்றுத் தட்டை அப்படித்தான் வைப்பாள்."

டத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். தான் எழுதிய கதையில் தனக்கே தெரியாத ஒன்றை யாரோ எடுத்துக் காட்டியது போல இருந்தது. வாக்கியங்கள் கோணல்தான். ஆனாலும் முழு மதிப்பெண் போட்டார்.

பிறகு பதினேழாம் எண்.

"விட்டுக்கொடுத்தல்: தன் உரிமையைப் பிறர்க்காகத் துறத்தல். பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏனென்றால் அவர் தரமாட்டேன் என்று சொன்னார். தயங்குதல்: முடிவெடுக்க இயலாது நிற்றல். கரையில் நின்றது அந்தப் பெண். ஆகவே தயங்கியது அந்தப் பெண்."

பத்து கேள்விக்கும் இதே கதைதான். பொருள் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாத சரி, விடை ஒவ்வொன்றும் தப்பு. அவருக்குக் கோபம் பொங்கியது. பொருள்களுக்காக மூன்று மதிப்பெண் போட்டு, தாளின் அடியில் பேனாவை அழுத்தி எழுதினார்: "சொல் தெரிகிறது, பேச்சு தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?"

சனிக்கிழமை காலை ஹெல்மா உறையைப் பிரித்து எண்களுக்கு நேரே பெயர்களை வாசித்தார். ஒன்பது, மெல்டா. பள்ளி வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்பவளின் மகள். நோட்டுத் தேர்வில் ஒருநாளும் பதினொன்றைத் தாண்டாதவள். பழம் மடித்துக்கொடுக்க அம்மா வாங்கிவைக்கும் பழைய பத்திரிகைகளைப் படிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. பாதிப் பக்கம் கிழிந்திருக்கும், மீதிக் கதையை அவளே ஊகித்துக்கொள்வாளாம்.

பதினேழுக்கு வந்ததும் ஹெல்மா நிறுத்தினார். டத்துக் கையை நீட்டிப் பட்டியலை வாங்கிப் பெயரைப் பார்த்தார்.  பட்டியலை மேசைமேல் குப்புறப் போட்டார்.

"தேர்வு முறை புதுசு, டத்துக்" என்றார் ஹெல்மா. "பிள்ளைங்களுக்குப் பழக்கமில்ல. மூணு வருஷ நோட்டு மார்க்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டா டெல்விதான் முதல்ல வருவா. கடிதத்துல அப்படிச் சேர்க்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. நீங்க சொன்னாப் போதும்."

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க" என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும் வழியில் காப்பிக்கடை. அந்நேரம் ஆளில்லை. கடைக்காரர் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். டத்துக் வாசலைக் கடக்கும்போது கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாங்க, உக்காருங்க!"

திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது. மைனா அலகைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.

"வாங்க, உக்காருங்க!"

இருபது வார்த்தை. ஒரு எழுத்து பிசகாமல். கட்டைகள் நின்றது, தம்ளரைத் திரும்பத் துடைத்தது, குனிந்த தலை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தன. சுத்தான் பறவையைப் பற்றிப் பேசவே இல்லை. பெண்ணைப் பெற்றவன், மாமன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கூண்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறான். கடையில் இருந்த டொமினோக்காரனுக்கெல்லாம் அது புரிந்திருக்கிறது. ஊருக்கே சொல் சொல்லித்தருகிறவர் மட்டும் வாய் பிளந்து சிரித்திருக்கிறார். தீர்ப்பையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

காது மடல் இரண்டும் சூடேறின. முதலில் வந்தது கோபம்தான். டெல்வியையே அனுப்புகிறேன், எவன் சிரிக்கிறான் பார்ப்போம் என்று மனம் குதித்தது. ஹெல்மா வழியைத் திறந்தே வைத்திருக்கிறாள். யார் கேட்கப் போகிறார்கள்? பிறகு பாயாகும்பூ மேடையில் டெல்வி நிற்பதை நினைத்துப் பார்த்தார். கதையைக் கொடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள். பிள்ளை நிமிர்ந்து நின்று நோட்டுப் பொருளை ஒப்பிக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எதைக் கேட்கிறோம், இவள் எதைச் சொல்கிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் குலத்தின் பெயரைச் சொல்லித்தான் அவளை மேடைக்கு அழைப்பார்கள்.

சம்பாதிக்காததை அவர் வீட்டார் இதுவரை வாங்கியதில்லை. தாத்தா காலத்திலிருந்து இல்லை.

கடைக்குள் நுழைந்து பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கூண்டுக் கிண்ணத்தில் ஊற்றினார். மைனா குடித்து முடிக்கும்வரை நின்றார்.

தங்கை வீட்டு முற்றத்தில் நெருப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. பசையரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்த மூங்கில்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. சுத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். டெல்வி வாழையிலை துடைத்தாள். யுஸ்னிமார் முகமெல்லாம் சிரிப்போடு வந்தாள்.

"அண்ணே, நாப்பது மூங்கில்! பத்துமா?"

டத்துக் உட்காரவில்லை. நெருப்புக்கு இந்தப் பக்கம் நின்று சுத்தானைப் பார்த்தார்.

"சுத்தான், உங்க மைனாவோட தண்ணிக் கிண்ணம் காலியா இருந்துச்சு. ஊத்திட்டு வர்றேன்."

மூங்கிலைத் திருப்பிய கை அப்படியே நின்றது.

"உங்களுக்கெதுக்கு டத்துக் அந்தச் சிரமம். நான் போயிருப்பேனே."

"நான்தான் ஊத்தணும். கத்துக் குடுத்தவன் மடையன்னு அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கும் அதையேதான் சொல்றேன்."

சுத்தான் தலை நிமிரவில்லை. ஆனால் அவர் கண் ஈரமாவதை நெருப்பு வெளிச்சம் காட்டிக்கொடுத்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக ஒரு மூங்கிலைத் தேவையில்லாமல் கிளறினார்.

"என்ன ரெண்டு பேரும் பறவையப் பத்தியே பேசுறீங்க?" என்றாள் யுஸ்னிமார். "முடிவு வந்துச்சா இல்லையா?"

இலை துடைத்துக்கொண்டிருந்த டெல்விதான் பதில் சொன்னாள். "அம்மா, நான் போகலம்மா." பிறகு மாமனைப் பார்த்தாள். "பதினேழு என் தாள்தான் மாமா. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிஞ்சுது. கதைதான் கடைசி வரைக்கும் பிடிபடல. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

இந்தப் பிள்ளைக்கு மைனாப் பேச்சு புரிந்திருக்கிறது. யாரும் பொருள் எழுதிப்போடாமலே புரிந்திருக்கிறது. டத்துக் தங்கை பக்கம் திரும்பினார்.

"மெல்டா போறா" என்றார்.

"எந்த மெல்டா? வாழைப்பழக்காரி மகளா!" யுஸ்னிமார் கரண்டியைக் கீழே போட்டாள். "அப்ப இந்த நாப்பது மூங்கிலை நான் என்ன செய்ய? ஊரெல்லாம் சொல்லியாச்சே அண்ணே! நாளைக்கு எந்த முகத்தோட ஆத்துக்குக் குளிக்கப் போவேன்?"

"இதே முகத்தோட. லமாங் மெல்டா வீட்டுக்குப் போகட்டும். நம்ம குலம் அனுப்புற வரிசையாப் போகட்டும். முதல் மூங்கிலை நான் தூக்குறேன்."

"பட்டம் வாங்கின மனுஷன் தெருவுல மூங்கில் தூக்குறதா?"

"தூக்கினாத்தான் பட்டம்."

மத்தியானம் ஹெல்மாவுக்கு ஒரு வரி எழுதியனுப்பினார். மாலையில் சூடான மூங்கிலைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். பின்னால் சுத்தான், அவருக்குப் பின்னால் டெல்வி, கடைசியில் இன்னும் முணுமுணுத்தபடி யுஸ்னிமார். காப்பிக்கடை வாசலில் டொமினோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மெல்டாவின் அம்மா எண்ணெய்க் கையோடு ஓடிவந்தாள்.  டத்துக் மூங்கிலை அவள் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் மெல்டா, "பாத்தியாம்மா, கீழ வச்சிட்டுப் போறாரு" என்றது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் காப்பிக்கடையில் சுத்தான் தேநீரைக் கிளறிக்கொண்டே, "இந்த வருஷம் மழை முன்னாடியே வரும்போல இருக்கு, டத்துக்" என்றார்.

கடை லேசாகச் சிரித்தது. டத்துக் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், டொமினோக்காரர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எட்டி வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எந்த மழையைச் சொல்றீங்க, சுத்தான்?" என்று கேட்டார்.