விரல் தாண்டிய இரண்டு வரிகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. திருகோணமலை மீன் சந்தையிலிருந்து உப்புவெளிக்கு ஓட்டோவில் போன கால் மணித்தியாலத்தில் கிடைத்தது. சொன்னவர் ஓட்டோவை ஓட்டிய பரீதா. நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க மிஸ். ஆனா என்னை அழவைக்க வேணாம். நான் அழேல்ல."

அதனால் முதல் தொடக்கத்தை வெட்டினேன். அது இப்படி இருந்தது: துறைமுகத்தின் மேல் கருமுகில் கவிந்திருந்தது, பரீதாவின் கண்களிலும் —

(அன்று கொளுத்தும் வெயில். முகில் நான் கொண்டுவந்தது.)

2

பரீதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவர் காலமான பிறகு அவருடைய ஓட்டோவை இவர் ஓட்டுகிறார். காலையும் பகலும் ஜமாலியாவிலிருந்து ஐந்து பள்ளிப் பிள்ளைகள். மற்ற நேரம் என்னைப் போன்றவர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த குழுக் கடன் ஒன்றில் இவரும் இருந்தார். ஒருவருக்கு மற்றவர் பிணை. மூன்று பேர் கட்டாமல் விட்டார்கள். அவர்களுடையதையும் சேர்த்து பரீதா கட்டினார்; ஆனால் பிந்திப் பிந்தி. வங்கிகள் எடுத்துப் பார்க்கும் கடன் அறிக்கையில் பெயர் கெட்டுப்போனது.

இந்த வருடம் பாடசாலை தொடங்கி இரண்டாம் கிழமை எஞ்சின் இறுகி நின்றது. புது எஞ்சினுக்கு ஒன்றரை லட்சம் வேண்டும் என்றார் கராஜ் றம்ஸான். வங்கியில் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். பிள்ளைகளின் தாய்மார் ஒரு கிழமை பொறுப்பதாகச் சொன்னார்கள். பிறகு வேறு ஓட்டோ பார்ப்பார்கள்.

அப்போதுதான் மதிலில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது: அறிக்கை பார்ப்பதில்லை, அரை மணித்தியாலத்தில் காசு.

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தடித்த மீசை, தங்கச் சங்கிலி எல்லாம் கொடுத்து எழுதிய பந்தியைத் தொலைபேசியில் பரீதாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஐயோ மிஸ், அந்தத் தம்பி நல்ல மரியாதை. பேர் வினோதன். குளிர் அறையில கதிரை போட்டு, நெஸ்கஃபே எல்லாம் தந்தவர்."

மீசையை எடுத்துவிட்டேன்.

நோட்டீஸ் ஒட்டிய கடன் நிறுவனத்தில் வினோதன் படிவத்தைத் திருப்பி வைத்துச் சொன்னான்: "ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்றைம்பது மட்டும்தான் அக்கா. ஆறு மாசம். இதில ஒரு கையெழுத்து."

"எல்லாமாச் சேர்த்து எவ்வளவு தம்பி வரும்?"

"அதை ஏன் பார்க்கிறீங்கள்? நாளாந்தம் கட்டேக்க தெரியாது."

மூன்றாம் முறை கேட்டும் அதே பதில். ஆனால் பரீதாவால் எழுந்து போக முடியவில்லை. ஐந்து பிள்ளைகளும் கண்ணுக்குள் நின்றார்கள். அப்போது ஒரு பொய் வாயில் வந்தது.

"கண்ணாடிய வீட்ட விட்டுட்டு வந்துட்டன். வாசிச்சுக் காட்டுங்களேன்."

(பரீதா கண்ணாடி போடுவதில்லை. பார்வை அவ்வளவு நல்லது.)

வினோதன் விரலை வைத்து வரி வரியாக வாசித்தான். ஒன்பதாம் வரிக்கு வந்த விரல் இரண்டு வரியைத் தாண்டிப் பன்னிரண்டில் இறங்கியது. பரீதா தாண்டிய இரண்டையும் தலைகுனிந்தபடி வாசித்தார். வண்டியின் பதிவுப் புத்தகம் நிறுவனத்திடம் இருக்கும். தவணை மூன்று நாள் பிந்தினால் அறிவிக்காமலே வண்டியை எடுத்துச் செல்வார்கள்.

"கண்ணாடிய எடுத்துட்டு வாறன்" என்று எழுந்தார். நெஸ்கஃபே பாதி அப்படியே இருந்தது.

4

எனக்கு இந்த இடம் போதவில்லை. படிவத்தைக் கிழித்து அவன் முகத்தில் எறிகிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். கையொப்பம் வைக்கிறார், நோன்பு மாதத்தில் வண்டியை எடுத்துப் போகிறார்கள் என்று இன்னொன்று, நாலு பக்கம். எழுதும்போது கை நன்றாக ஓடியது. அதுதான் வெட்கமாக இருந்தது.

உண்மையில் அவர் நேராகப் போனது, பல வருடமாக அங்கத்தவராக இருந்து சிறுகச் சிறுகச் சேமித்த கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு. செயலாளர் கோணேஸ்வரி கேட்டார்: "ஏன் முதலே இஞ்ச வரேல்லை?"

"ரெண்டு பேர் பிணை நிக்கோணும் எண்டு சொல்லுவீங்க. பிணை நிண்டு நான் பட்டதை இன்னொராளை எப்பிடிப் படச் சொல்றது?"

"கேட்டுப் பாருங்கோ. ஓமெண்டுறதும் ஏலாதெண்டுறதும் அவையின்ர விருப்பம்."

கேட்டார். தன் பழைய கடன் கதை முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டே கேட்டார். ஓட்டோவில் போகும் பிள்ளைகளின் தாய்மாரில் இருவர், றிஷானாவும் அனுஷியாவும், பின்னேரமே வந்து கையொப்பமிட்டார்கள். எண்பதாயிரம்தான் கிடைத்தது. மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கோணேஸ்வரி கேட்காமலே எழுதிக் கொடுத்தார். றம்ஸான் அந்தக் காசுக்குள் பாவித்த எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார்.

திங்கட்கிழமை காலை ஐந்து பிள்ளைகளும் வண்டியில் இருந்தார்கள். "அண்டைக்குத்தான் மிஸ் சோறு இறங்கினது" என்றார் பரீதா.

5

இனி முடிவு. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு அவர் கடற்கரை வீதியில் வெறும் வண்டியை ஓட்டிப் போவதாக எழுதி, மறுபடி தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"இன்னும் ஏழு மாசம் கிடக்கு மிஸ்."

"கதையில கட்டி முடிச்சிடலாமே?"

"வேணாம்" என்றார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "அதை நீங்க முடிக்காதீங்க. ரெண்டு பேர் கையெழுத்து வெச்சிருக்காங்க. நான்தான் முடிக்கணும்."