பட்டறைத் துணி

“சத்தமா இருமாதே. சம்பந்தியம்மா உள்ள உக்காந்திருக்காங்க,” என்று தங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சொன்னால் அடங்குகிற இருமலாக இருந்த காலம் போன வருசத்தோடு முடிந்துவிட்டது. அமுதவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள். இழுத்த மூச்சு பாதி வழியிலேயே திரும்பி வந்தது. கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம் கையிலிருந்த பித்தளைத் தட்டத்தைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தட்டத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. நடுவில், அவரும் மகன் அன்பரசும் நேற்று லாரிப் பட்டறையிலிருந்து வந்து கழற்றிப் போட்ட சட்டை, பேண்ட்டுகள், சாம்பல் பூத்த ஒரு மூட்டையாக.

“உங்கையால எடுத்து மருமவ மடியில வெக்கோணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீ துணிப் பக்கமே போக வேண்டியதில்லை. ஓய்வா இரு.”

அவர் அதை ஒரு பெரிய சலுகைபோலச் சொன்னார். மருமகள் பிரவீனா இந்த வீட்டுக்கு வந்து இது மூன்றாவது மாதம். வளர்பிறை வெள்ளிக்கிழமையில் மாமியார் கையால் பட்டறைத் துணியை வாங்கிக்கொள்வது இந்த வீட்டு வழக்கம். அதைப் பார்ப்பதற்கென்றே பிரவீனாவின் அம்மா எருமப்பட்டியிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்திருந்தாள்.

முன்னோர் வழக்கம் என்று தங்கமுத்து எல்லாரிடமும் சொல்வார். முன்னோர் யாரும் பிரேக் லைனிங் அடித்தவர்கள் அல்லர், நிலக்கடலை போட்டவர்கள். வழக்கத்தின் வயது பட்டறையின் வயதுதான். நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்? ஓடுகிற லாரிக்கு பிரேக் தேயும். தேய்ந்த லைனிங் பட்டையைத் தட்டி எடுத்து, புதியதை வைத்து ரிவிட் அடித்து, கிரைண்டரில் பிடித்துத் தேய்த்து, ஏர் அடித்து ஊதினால் பட்டறை முழுக்க மாவு மில்லைப் போல வெள்ளையாகிவிடும். அந்தத் தூசியில்தான் இந்த மாடி வீடு எழும்பியது. ஆகவே தூசி லட்சுமி ஆயிற்று. லட்சுமியைத் தெருவில் உதறக் கூடாது. வீட்டுக்குள், துவைக்கிற கல்லின் மேல்தான் உதற வேண்டும். அதையும் வீட்டுக்காரிதான் செய்ய வேண்டும். வேலைக்காரி கை பட்டால் லட்சுமி அவளோடு போய்விடுவாளாம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அமுதவல்லி நாள் தவறாமல் உதறினாள். உதறும்போது முகத்தில் படியும், மூக்கில் ஏறும், மண்டையில் விழும். வாயைத் துடைத்துக்கொண்டு சோறு பொங்கப் போவாள். அன்பரசு தவழ்ந்ததும் அந்தக் கல்லைச் சுற்றித்தான்.

அன்பரசின் கல்யாணத்துக்கு முன்பே, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் நெஞ்சுப் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்கறீங்கம்மா?” என்று கேட்டாள்.

“வேலைக்கெல்லாம் போறதில்லைங்க. ஊட்டுலதான் சும்மா இருக்கறனுங்க.”

“ஊட்டுக்காரரு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கமுத்து பெருமையோடு பட்டறையைப் பற்றிச் சொன்னார். டாக்டர் அவரை விட்டுவிட்டு மறுபடியும் அமுதவல்லியிடம் திரும்பினாள்.

“இவரு துணியை யாரு தொவைக்கறது?”

அமுதவல்லியிடம் யாரும் அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதெல்லாம் கேட்கிற விஷயமா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“அந்த லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ்னு ஒரு நார் இருக்குங்கம்மா. கூரைக்குப் போடற சிமெண்ட் அட்டையிலயும் அதுதான். சூட்டுக்கு எரியாது, லேசுல அழியாதுன்னுதான் போடறாங்க. நெஞ்சுக்குள்ள போனா அங்கயும் அழியாது. ஊசி மாதிரி குத்தி உக்காந்துக்கும். இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் வெளிய காட்டும். இதைச் சரிபண்ண முடியாதுங்க, அதிகமாகாமப் பாத்துக்கலாம். அடுத்தவங்களுக்கு ஒட்டாது, பயப்பட வேண்டாம். ஆனா அந்தத் துணியை இனிமே யாரும் ஊட்டுல உதறக் கூடாது. பட்டறையிலயே கழட்டித் தண்ணியில நனைச்சுட்டு வரச் சொல்லுங்க.”

இதில் சரியாகாது என்பதைத் தங்கமுத்து உடனே நம்பினார். ஒட்டாது என்பதை நம்பவில்லை. தூசியால் வந்தது என்பதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “நாந்தான் அதுலயே பொரளறேன், எனக்கு என்ன வந்துச்சு?” என்றார். இருமல் அவருக்கும் இருந்தது. ஆனால் ஆம்பளை இருமினால் இந்த வீட்டில் யாரும் தட்டை மாற்றி வைப்பதில்லை.

அமுதவல்லிக்குத் தனித் தட்டு வந்தது. தனி டம்ளர் வந்தது. மாறிப் போகாமலிருக்க டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. அப்பா சொன்னார் என்று அன்பரசுதான் வைத்தான். பெற்ற மகன் தன் டம்ளருக்குப் பொட்டு வைப்பதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெண் வீட்டாரிடம் வீசிங் என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்தார்கள்.

இந்த வாரம் முழுவதும் அவள் கணவரிடம் பேசிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு வேண்டாமுங்க. வாஷிங் மெஷின் சும்மாதான இருக்குது, அதுலயாச்சும் போடலாமுங்க.”

“மெஷினா? அந்தத் தூள் போனா ஃபில்டர் அடைச்சுக்குமே. சம்பந்தி ஊட்டுச் சீரு அது. மூணு மாசத்துல கெட்டுப்போச்சுன்னா என்ன நெனைப்பாங்க?”

“அந்தப் புள்ளையும் சம்பந்தி ஊட்டுல இருந்து வந்ததுதானுங்க.”

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “டாக்டரு சொன்னதை அவகிட்டச் சொல்லித் தொலைச்சயின்னா, பொட்டியக் கட்டிட்டு எருமப்பட்டிக்குப் போயிருவா. உம்மவன் வாழ்க்கை போயிரும், பாத்துக்க,” என்றார்.

அந்த ஒரு பேச்சில் அவளை நன்றாகக் கட்டிப்போட்டார். வாயைத் திறந்தால் மகன் குடும்பம் குலைந்துவிடும். மூடிக்கொண்டிருந்தால், சிரித்த முகத்தோடு “அத்தை, சாப்ட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டு வருகிற அந்தப் பெண் இன்னும் முப்பது வருசத்தில் இதே சுவரில் சாய்ந்து நிற்பாள். அன்பரசும் காலையில் எழுந்தால் தொண்டையைச் செருமத் தொடங்கியிருந்தான். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பிறந்த வீட்டில் சொன்னால், வயசான காலத்தில் என்ன வம்பு என்பார்கள்.

“நேரமாச்சு, வா,” என்று தங்கமுத்து தட்டத்தை அவள் கையில் கொடுத்தார்.

முன் அறையில் பிரவீனா பட்டுச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தாள். அன்பரசு சுவரோரம் நின்றான். வாஷிங் மெஷின் அந்த அறையிலேயே, பூ வேலை செய்த உறையைப் போர்த்திக்கொண்டு, வந்தவர்கள் பார்க்கிற மாதிரி நின்றது.

அமுதவல்லி குனிந்து மருமகளுக்குப் பொட்டு வைத்தாள். பூவை வைத்தாள். மூட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். சேலையின் அரக்கு நிறத்தின் மேல் தூசி வெளுப்பாக விழுந்தது.

“லட்சுமி வந்துட்டா,” என்றார் தங்கமுத்து. சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போது அமுதவல்லி அடுப்படிக்குப் போய்த் தன் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். எல்லாரும் பார்க்க, அண்ணாந்து குடிக்காமல், வாயை வைத்துப் பாதி குடித்தாள். மீதியை மருமகளிடம் நீட்டினாள்.

“குடி சாமி.”

பிரவீனா எதுவும் புரியாமல், மாமியார் கொடுத்ததை மறுக்கவும் தெரியாமல், வாங்கிக்கொண்டாள். அவள் உதட்டருகே கொண்டுபோவதற்குள் அவளுடைய அம்மா பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். தண்ணீர் பாயெல்லாம் சிந்தியது.

“என்னுங்க அண்ணி இது? வீசிங்குன்னு சொன்னீங்க. தனி டம்ளரு வெச்சிருக்கறப்பவே எனக்குச் சந்தேகந்தான். சின்னப் புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?”

“ஒட்டாதுங்க. சேலத்து டாக்டரம்மா சொன்னாங்க. இவரும் பக்கத்துலதான் இருந்தாரு.” அமுதவல்லிக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “எச்சில்ல வந்ததில்லைங்க எனக்கு. நீங்க டம்ளரைப் புடுங்கிட்டீங்க. மடியில இருக்கறதை உட்டுட்டீங்களே. அதுலதானுங்க வந்துச்சு.”

பிரவீனா தன் மடியைப் பார்த்தாள். அன்பரசு தலையைக் குனிந்துகொண்டான். அமுதவல்லி டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாள். அவ்வளவு நேரம் இருமல்கூட அவளை விட்டுவைத்தது.

“அதுக்குன்னு,” என்று சம்பந்தியம்மா இழுத்தாள், “கட்டுனவன் துணியைப் பொண்டாட்டி தொவைக்காம வேற யாருங்க தொவைப்பாங்க? எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானுங்க.”

டம்ளர் இன்னும் அவள் கையில், சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தபடி இருந்தது. தன் மகளுக்காகப் பாய்ந்தவளே இப்படிச் சொன்னதைக் கேட்டபோதுதான் அமுதவல்லிக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அழவில்லை. குனிந்து, மருமகளின் மடியிலிருந்து மூட்டையை உதறாமல் எடுத்தாள். முன்வாசல் வழியாக மெதுவாக நடந்து, கேட்டுக்கு வெளியே தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

“தெருவுலயா போட்ட?” தங்கமுத்துவுக்குக் குரல் உடைந்தது. “லட்சுமியைத் தெருவுலயா போட்ட?”

“நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க,” என்றாள் அமுதவல்லி. “என்னால இனி முடியாதுங்க. அவளும் எடுக்க மாட்டா.”

அவர் அன்பரசைப் பார்த்தார். அன்பரசு அசையவில்லை. பிரவீனா எழுந்து, சேலையில் படிந்த தூசியைத் தட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். ஈரத்துணியை எடுத்து மெல்ல ஒற்றினாள்.

தங்கமுத்து விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். ஜன்னலில் எல்லாரும் நின்றார்கள். அவர் மூட்டைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். தெருவில் ஒரு லாரி போனது; அதன் காற்றில் மூட்டையிலிருந்து தூசி கிளம்பியது. அவர் கை தானாகத் தோளுக்குப் போய், துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டது. மற்றக் கையை நீட்டி, இரண்டு விரலால் மூட்டையைத் தூக்கி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

அதற்குள் பிரவீனா வாசலுக்கு வந்திருந்தாள்.

“ஏனுங்க மாமா,” என்று மரியாதை குறையாமல் கேட்டாள், “லட்சுமியைத் தூக்கறதுக்கு எதுக்குங்க மூக்கைப் பொத்தறீங்க?”

பதில் சொல்ல வேண்டுமானால் வாயிலிருந்து துண்டை எடுக்க வேண்டும். தங்கமுத்து எடுக்கவில்லை.