ஆமெனுக்குப் பிறகு

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்து மருத்துவமனை வாசலில் டாக்டர் எவாரிஸ்தோ பல்மாரெஸின் முகத்தைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிளெக்ஸில் அவர் மூக்கு மட்டுமே ஆம்புலன்ஸ் கதவளவு இருந்தது. 'விசாயாவின் பொற்கரம்' விருதுக்கு மருத்துவமனைக் குடும்பத்தின் வாழ்த்துகள். கீழே வாழ்த்தியவர்களின் படங்கள், பதவி வரிசைப்படி. இயக்குநரான கன்னியாஸ்திரி சிஸ்டர் கொன்சோலாசியோன், பணிவின் காரணமாக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தார். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பொற்கரத்துக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் மெர்லிண்டாவின் படம் இல்லை. இருந்திருந்தால் ஏறிக் கிழித்திருப்பாள்.

காலையில் ரம் உள்ளே போனால்தான் அந்தக் கை நடுங்காமல் நிற்கும் என்பது தரை துடைப்பவர் வரைக்கும் தெரியும். குடி என்று யாரும் சொல்வதில்லை. 'டாக்டருக்குக் களைப்பு' என்பார்கள். களைப்பான நாட்களில் மெர்லிண்டா ஊசியைக் கோணம் பார்த்துக் கையில் வைப்பாள், நடுங்கும் மணிக்கட்டுக்குத் தன் விரலால் முட்டுக் கொடுப்பாள். விசுவாசம் என்று நினைத்துத்தான் செய்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மீன்காரியின் வயிற்றில், அந்த முட்டுக்கும் அடங்காமல், கத்தி வழுக்கியது. இதய பலவீனத்தால் மரணம் என்று எழுதினார்கள். நாற்பது வருஷம் தலையில் கூடை சுமந்தவளுக்கு இதய பலவீனம். அவள் ஆன்மசாந்திப் பூசையில் வேதபாடம் வாசித்தவரும் டாக்டர்தான். நன்றாகவே வாசித்தார்.

நேற்று மெர்லிண்டா சிஸ்டரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை விருதும்மா. இந்த நேரத்துல பேச்சு கிளப்பலாமா? அவருக்காக ஜெபம் பண்ணு."

"பண்ணிட்டுதான் இருக்கேன் சிஸ்டர். மீன்காரிக்கும் பண்ணினேன்."

சிஸ்டர் அவளுக்கு ஒரு ஜெபமாலை கொடுத்தனுப்பினார்.

இன்று மேசையில் ட்ரைசைக்கிள் ஓட்டும் ரொடேலியோ. குடலிறக்கம். முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. வாய் மட்டும் மரக்கவில்லை.

"அக்கா, பிளெக்ஸ்ல இருக்கறவரே வெட்டறாராமே? எங்க தெருவுல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"பேசாம படுங்க."

மயக்க மருத்துவர் லுமிபாவ் அவள் பக்கம் சாய்ந்தார். "இன்னிக்குக் களைப்பு கொஞ்சம் தூக்கல். உன் கையப் பக்கத்துலயே வச்சுக்கோ."

புதினா வாசனை முன்னே வர, டாக்டர் பின்னே வந்தார். ஜெபம் இல்லாமல் அங்கே தோல் கீறுவதில்லை. அவர் ஜெபிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வார்கள், ஆமென் ஓயும்போது கத்தி அவர் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கேட்க வைத்தால் நர்ஸுக்கு இழுக்கு.

"ஆண்டவரே, இந்தக் கைகள் என்னுடையவை அல்ல, உம்முடையவை," என்றார் கணீரென்று.

மெர்லிண்டா தட்டிலிருந்த கத்தியின் மேல் கையை வைத்து மூடினாள். அப்படியானால் மீன்காரியையும் ஆண்டவர் கணக்கில்தான் எழுதியிருக்கிறான் இந்த ஆள்.

ஆமென் சொன்னார்கள். மார்புக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரொடேலியோவும் சொன்னான், எல்லோரையும்விட உரக்க. அவள் சொல்லவில்லை.

டாக்டர் நீட்டிய கை வெறுமையாக இருந்தது.

"மெர்லி. கத்தி."

"தர மாட்டேன் டாக்டர்."

"என்ன?"

"கைய அப்படியே வச்சிருங்க. எல்லாரும் ஒரு தடவை பாக்கட்டும்."

லுமிபாவ் அவசரமாகத் தன் கருவியைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணும் அந்தக் கைக்கு இறங்கி வந்தது.

"ஆரம்பிச்சாச்சா அக்கா?" என்றான் ரொடேலியோ. "ஒண்ணுமே தெரியல."

பெரிய விளக்கின் கீழே, டாக்டரின் கையுறை போட்ட ஐந்து விரல்களும் ரொடேலியோமேல் விரித்த பச்சைத் துணியை உரசிக்கொண்டிருந்தன, சரசரவென்று, காகிதப் பைக்குள் அகப்பட்ட பூச்சியைப் போல.