கொடிக்கு யார் பேர்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் நாடகம் முடிந்ததும் திரையில் கீழிருந்து மேலே ஓடும் பெயர்களை வரிசைப்படுத்துவது என் வேலை. யாரும் படிக்காததை யாராலும் படிக்க முடியாத வேகத்தில் ஓடவிடுவதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்று நிலையம் நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் தன் பெயர் வராதவர் மட்டும் அதை எழுத்து விடாமல் படித்திருப்பார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொடரை இயக்குகிறவர் டாக்டர் எபோ அமிசா. எதில் டாக்டர் என்று கேட்டால் எந்த நாட்டில் என்பதைச் சொல்வார். கதை அவர், வசனம் அவர், உடைக் கற்பனை அவர், இசை மேற்பார்வை அவர். அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும். படப்பிடிப்புக்கு ஜெபம் செய்த பாதிரியாரும் தண்ணீர் பாக்கெட் கொடுத்த கடைக்காரரும் தொகுதி எம்.பி.யும் நடுநடுவே வந்து, படிக்கிறவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பார்கள்.

இந்தத் தொடர் எங்கள் கானாக் கடற்கரையின் பழைய கதை. இரண்டு அசஃபோ படைகள் ஒன்றுக்கொன்று கொடி காட்டிச் சீண்டி, வெட்டுக்குத்து வரை போய்விடுகின்றன. அசஃபோ என்றால் அப்பன் வழியில் சேருகிற படை. அப்பன் எதில் இருந்தானோ அதில்தான் பிள்ளையும். இப்போது யாரும் சண்டைக்குப் போவதில்லை. சாவு வீட்டில் யாருக்கு முன்வரிசை என்பதோடு வீரம் நின்றுவிட்டது. கொடி விஷயத்தில் மட்டும் சூடு தணியவில்லை. எந்த மிருகம், எந்த நிறம் எந்தப் படைக்குச் சொந்தம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். புதுக் கொடி தைத்தால் மற்றப் படைகளின் தலைவர்களுக்குக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகுதான் வெளியே விரிக்க வேண்டும். இல்லையென்றால் ஆடும் ஜின் புட்டியுமாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். டாக்டருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அவர் முதலாம் படை. ஆனால் தொலைக்காட்சி எந்தப் படைக்கும் கட்டுப்பட்டதில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

கொடி தைக்க குவாமெனா பென்ட்சிலைக் கூப்பிட்டார்கள். அவரை அடக்கமானவர் என்று அவர் அம்மாகூடச் சொன்னதில்லை. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற மனிதர்தான்; யாராவது கொடி கேட்டு வந்துவிட்டால் உட்காருகிற தோரணையே மாறிவிடும். "சால்ட்பாண்ட்லேருந்து வின்னெபா வரைக்கும் கொடின்னா என் கத்திரிதான்" என்பார். எங்களுக்குத் தைத்துத் தந்த கொடிகளும் அப்படித்தான் இருந்தன. கூலி பேசினபடி வந்துவிட்டது, அதில் குறையில்லை. அவருக்கு வேண்டியது வேறு. கொடிகளைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"அபா அக்கா, என் பேரு எப்ப வரும்? பாட்டு முடியறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"டாக்டர் குடுக்கிற பட்டியல்ல இருந்தா வரும்ணே."

"இருக்கும். கையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. பெரிசா வருமா?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

"அப்ப கொஞ்சம் மெதுவா ஓடவிடுங்க. எங்க மாமியார் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க."

மாமியார்தான் விஷயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மாள் மருமகனை 'நிக்கர் தைக்கிறவர்' என்றே சொல்லி வருகிறார். கொடியில் தைத்தவன் பெயர் இருக்காது. அது படையின் கொடி. ஆகவே இத்தனை காலமாக அவரிடம் காட்ட பென்ட்சிலுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. டிவியில் பெயர் வந்தால் அதற்குமேல் யாரும் பேச முடியாது.

பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"தைச்சவன் பேரெல்லாம் போட ஆரம்பிச்சா நூல் வித்தவன் பேரும் போடணும், அபா" என்றார் டாக்டர். "கலை வேற, கைவேலை வேற."

அந்த ஞாயிற்றுக்கிழமை பென்ட்சில் டிவியை முற்றத்துக்குத் தூக்கி வந்து, நாற்காலி வாடகைக்கு எடுத்து, தெருவையே உட்கார வைத்திருந்தாராம். அவர் மனைவி மான்சா கென்கே என்கிற சோள உருண்டை வாங்கி, மீன் பொரித்து எல்லோருக்கும் பரிமாறினாள். மாமியார் முன்வரிசையில். கொடி விரிகிற காட்சியில் தெருவே கைதட்டியது. பிறகு பெயர்கள் ஓடின. 'கொடிகள்: கற்பனையும் வடிவமைப்பும் டாக்டர் எபோ அமிசா' என்று வந்து, மேலே போய்விட்டது.

மாமியார் விரலை நக்கிக்கொண்டே கேட்டாராம். "நல்ல கொடி. இந்த டாக்டர் உங்களுக்குத் தெரிஞ்சவரா, மாப்பிள்ளை?"

மறுநாள் காலையில் பென்ட்சில் நிலையத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். ஒரு தையல்காரர் அப்படி வருவதென்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"டாக்டர், என் பேரு?"

"பென்ட்சில், உக்காரு. ஒரு படைப்புன்னா முதல்ல ஒரு பார்வை வேணும். அந்தப் பார்வை என்னோடது. ஊசிதான் உன்னோடது."

"சரி. அப்ப 'ஊசி: பென்ட்சில்'னாவது போடுங்க."

டாக்டர் சிரித்து, தோளில் தட்டி, அடுத்த தொடரில் பார்க்கலாம் என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பென்ட்சில் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வாரத்தின் நடுவில் மூன்றாம் படை வந்தது. தலைவர் சூப்பி எசெல் முன்னால்; சூப்பி என்பது படைத்தலைவரின் பட்டம். பின்னால் தோளில் துணி போர்த்திய பெரியவர்கள் சிலர், மணி அடிக்கிறவர் ஒருவர். வரவேற்பறை சோபாவில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. இத்தனை மரியாதையாக வருகிறார்களே, ரசிகர்கள்தான் என்று டாக்டர் நினைத்துவிட்டார். கையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு கொடி பாத்தோம்" என்றார் சூப்பி. "பூனை கப்பல் ஓட்டுது. கரையில நண்டெல்லாம் நிக்குது."

"ரொம்பப் பேரு அதப் பத்தித்தான் பேசறாங்க" என்றார் டாக்டர்.

"நீங்க போட்டதா?"

"முழுக்க என் கற்பனை. எழுத்துலயே வந்துச்சே."

"வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் நேரா உங்ககிட்ட வந்தோம்."

நண்டு மூன்றாம் படையின் சின்னம். மற்றவர்கள் கடலுக்குப் போக, மூன்றாம் படை கரையில் நின்று வேடிக்கை பார்த்தது என்று அந்தக் கொடி சொல்கிறது. அதுவும் ஒரு பூனை ஓட்டுகிற கப்பலை. சனிக்கிழமை காலையில் சூப்பியின் முற்றத்துக்கு வந்து பதில் சொல்லும்படி அழைத்துவிட்டுப் போனார்கள். மணி அடிக்கிறவர் வாசலில் நின்று, வந்த வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஒருமுறை அடித்தார்.

டாக்டர் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெயர் எழுதுகிறவள் நான். தேவைப்பட்டால் பிழை என்னுடையது என்று சொல்லலாம் என நினைத்திருப்பார். முற்றம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், இருப்பதிலேயே நல்ல துணியைப் போர்த்திக்கொண்டு பென்ட்சில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. டாக்டர் மாட்டுவதைப் பார்க்க வந்திருந்தார்.

டாக்டர் எழுந்து, கலையின் சுதந்திரம் பற்றி ஆரம்பித்தார். பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் தூங்கிவிட்டார்.

"இது நாடகம்" என்று முடித்தார் டாக்டர். "நிஜக் கொடி இல்ல. நிஜத் தெருவுல விரிக்கல."

"தெருவுல விரிச்சா தெருக்காரன்தான் பாப்பான்" என்றார் சூப்பி. "நீங்க கானா முழுக்க விரிச்சிருக்கீங்க. குமாசிலேருந்து என் மச்சினன் போன் பண்ணிச் சிரிக்கிறான். எங்ககிட்ட முன்னாலயே காட்டினீங்களா?"

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே திரும்பியபோது கடைசி வரிசை கண்ணில் பட்டது. முகம் தெளிந்துவிட்டது.

"உண்மையச் சொல்லணும்னா, பெரியவங்களே, அந்தக் கொடியோட முழுப் பெருமையும் அதோ அவருக்குத்தான் சேரும். நம்ம பென்ட்சில். மகா கலைஞர். அவர் பேரத்தான் போட்டிருக்கணும்."

முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு வாரமாகக் கேட்டுக் கிடைக்காத பெயரைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்; கூடவே ஆட்டையும் ஜின்னையும் மூன்றாம் படையின் கோபத்தையும் நீட்டுகிறார். வரப்போகிற திருவிழாவுக்கு மூன்றாம் படையின் புதுக் கொடியைப் பென்ட்சிலிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அது போய்விடும். அதற்கப்புறம் எந்தப் படை அவர் வாசலை மிதிக்கும்?

நான் கடைசி வரிசைக்கு நழுவிப் போய், குனிந்து பென்ட்சில் காதில் சொன்னேன். "சொன்னதத் தைச்சேன், மத்ததெல்லாம் டாக்டர்னு சொல்லிட்டு உக்காந்துடுங்கண்ணே."

பென்ட்சில் எழுந்தார். துணியைச் சரிசெய்துகொண்டார்.

"கொடி என்னோடது" என்றார். "பூனை என்னோடது. கப்பல் என்னோடது. ஓரத்துல போற சிவப்பு முக்கோணம், அத இந்தக் கரையில வேற எவனும் வெட்டமாட்டான். யார வேணா கேளுங்க."

"நண்டு?" என்றார் சூப்பி.

பென்ட்சில் முகத்தைச் சுளித்தார்.

"நண்டப் பத்திப் பேசவே வெக்கமா இருக்கு, சூப்பி. நான் கொக்குதான் வச்சிருந்தேன். வேணாம், இதத் தையின்னு ஒரு படத்தக் குடுத்தாங்க. இது மூணாம் படையோடது, காட்டிட்டு வாங்கன்னேன். நாடகத்துக்குத்தானேன்னாங்க. அதுகூடப் பரவால்ல. அந்த நண்டோட காலப் பாத்தீங்களா? வயித்துப்போக்கு வந்த சிலந்தி மாதிரி. பள்ளிக்கூடத்துப் பசங்ககூட இதவிட நல்லா வரைவானுங்க."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் தட்டினார். "அதான் நானும் பாத்தேன். என்னடா இது, மூட்டப்பூச்சியான்னு."

முற்றம் சிரித்தது. தூங்கினவர் எழுந்து, என்னவென்று கேட்டு, சொன்னதும் அவரும் சிரித்தார். டாக்டருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும், பொய் சொல்லவும் தெரியும். இதை மட்டும் தாங்கத் தெரியவில்லை.

"மன்னிக்கணும்" என்று எழுந்துவிட்டார். "அந்தக் காலு தெரியாம வந்ததில்ல. வேணும்னே அப்படி வரைஞ்சேன். திரையில ஒரு அசைவு தெரியணும். ராத்திரி ராத்திரியா உக்காந்து நானே என் கையால…"

அதோடு நின்றார். ஒரு கோழி முற்றத்தைக் குறுக்கே கடந்து போனது.

"அப்ப நண்டு உங்களோடது" என்றார் சூப்பி, மிகவும் மரியாதையாக.

ஆடும் ஜின்னும் டாக்டர் கணக்கில் ஏறின. சொல்லியும் கேட்காத இடத்தில் தைத்துக் கொடுத்ததற்காகப் பென்ட்சிலுக்கும் ஒரு புட்டி விதித்தார்கள். அவர் அதைப் பரிசு வாங்குகிறவர் முகத்தோடு ஒத்துக்கொண்டார். திருவிழாக் கொடி அவரிடமே இருக்கட்டும் என்றார் சூப்பி. தன் வேலையைத் தன்னுடையது என்று சொல்கிறவனிடம் தைக்கக் கொடுத்தால் நிம்மதி என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கடைசியில பேரு எதுக்குப் போடறீங்க?"

நிலையத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வீட்டுக் கதவத் தட்டறதுன்னு தெரியத்தானே? சரியாப் போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொண்டேன். 'கொடிகள்: குவாமெனா பென்ட்சில். அவற்றிலுள்ள நண்டுகள் மட்டும்: டாக்டர் எபோ அமிசா.'

திங்கட்கிழமை டாக்டர் என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"நம்ம தொடர்ல அடிக்கிற அந்த முரசு எந்தப் படையோட முரசு?"

"தெரியாது டாக்டர். 'முரசு வடிவமைப்பு'ன்னு உங்க பேரு இருக்கு."

"எடு. செஞ்சவன் பேரப் போடு. படகுல சித்திரம் எழுதினது?"

"நீங்கதான்னு இருக்கு."

"நான் எப்படி எழுதுவேன், எனக்குத் தண்ணின்னாலே பயம். அந்தப் பையன் பேரப் போடு. தலையலங்காரம் பண்ணின பொண்ணு யாரு? அதையும் விசாரி. சீக்கிரம்."

நியாயத்துக்காகச் செய்யாததைப் பயத்துக்காகச் செய்தார். எனக்கு இரண்டும் ஒன்றுதான், பட்டியல் நீண்டது. பாதிரியாரும் எம்.பி.யும் அப்படியே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் எப்படியும் யாரும் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் பென்ட்சில் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மறுபடியும் நாற்காலிகள், மறுபடியும் கென்கே, மீன். ஓட்டத்தின் வேகத்தை நான் குறைத்துவிட்டு வந்திருந்தேன். பின்னால் வரும் சோப்பு விளம்பரம் கொஞ்சம் தாமதமானால் உலகம் முழுகாது. பெயர் வந்தது. மாமியார் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"கு… வா… மெ… னா… மாப்பிள்ளை, இது நீங்கதானா?"

"நான்தான் அத்தை."

"டாக்டர் வெறும் நண்டுதானா?"

"வெறும் நண்டுதான்."

தெரு கைதட்டியது. பென்ட்சில் எழுந்து நான்கு பக்கமும் தலை குனிந்தார். மாமியார் கைதட்டவில்லை. திரை கறுக்கும்வரை படித்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் சரி. மான்சா பேரு எங்க?"

பென்ட்சில் அப்படியே நின்றார். அடுப்பங்கரைப் பக்கமிருந்து மான்சாவின் குரல் வந்தது. "விடும்மா. கொடிக்கு ரெண்டு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் நான் தைச்சது. கேமராவுக்கு இந்தப் பக்கம்தான் தெரியும்."

"எத்தன கொடி அப்படித் தைச்ச?"

"கல்யாணம் ஆனதுலேருந்து எல்லாம்தான். வெளக்கு வெளிச்சத்துல இவருக்கு ஊசியில நூல் ஏறாது."

தெரு மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கடைசியில் பென்ட்சில் என்னிடம் வந்து, முதல் நாள் மேஜைக்கு வந்தபோது இருந்ததைவிட மெல்லிய குரலில் கேட்டார். "அக்கா, அடுத்த வாரம் அந்த வரியில இடம் இருக்குமா?"

இருந்தது. இரண்டு பேரையும் ஒரே வரியில் போட்டேன். யார் பெயர் முன்னால் வருவது என்பதில் அந்த வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை. அதனால் ஒரு வாரம் பென்ட்சிலை முன்னால் போடுகிறேன், மறுவாரம் மான்சாவை. மான்சா முன்னால் வருகிற வாரம் எனக்கு மீன் பெரிதாகக் கிடைக்கிறது.