மூலை திரும்பிய மரம்

எங்கள் அறைச் சுவரில் இருபத்திரண்டு அங்குலம்தான் காலி. ஒரு பக்கம் துணி அலமாரி, மறுபக்கம் சுவரின் மூலை, நடுவில் அந்த இருபத்திரண்டு அங்குலம். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் அதை டேப் வைத்து அளந்தேன். என் தங்கை அதற்கு முன்பே கண்ணால் அளந்து முடித்திருந்தாள். பாவம், நாள் முழுக்க அவள் பார்த்துக்கொண்டு கிடந்தது அந்தச் சுவரைத்தான்.

அவளுக்கு வீட்டில் பெயர் பொடிசு. முப்பத்திரண்டு வயதாகி, கல்யாணமும் ஆகி, என்னைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிறகும் பொடிசுதான். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஆறாம் மாதத்தோடு போய்விட்டது. அதனால் டாக்டரம்மா இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். படுத்தே இருக்க வேண்டும், அதுவும் இடது பக்கமாக, பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருக்கலாம். அவள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஆறு நாள் ரோட்டில்தான் குடித்தனம். என் தையல் கடைக்குப் பின்னால் பத்துக்கு எட்டில் ஓர் அறை இருந்ததால் அவளை இங்கே கூட்டி வந்தேன். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நான் பாய் விரித்துக்கொண்டேன்.

வந்த அன்றே அவள் ஒரு சட்டம் போட்டாள்.

"அக்கா, இந்த ரூம்ல பிள்ளையைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. பேரு யோசிக்கக் கூடாது. ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை, எதுவும் வாங்கி வைக்கக் கூடாது. ஆசையா எடுத்து வச்சதையெல்லாம் திரும்ப மூட்டை கட்டினது போதும் எனக்கு."

சரி என்றேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் தட்டோடு உள்ளே போனேன்.

"அக்கா, சுவர்ல மொத்தம் பதினேழு விரிசல். அதுல ஒண்ணு நேத்து இல்ல."

"முதல்ல சாப்பிடு. சுவர் இருந்தாத்தான் சித்திரம்."

"இந்த மூஞ்சிக்குச் சித்திரம் வேறயா?" என்று சுவரைக் காட்டினாள். சொன்னது கேலிதான், ஆனால் அவள் சிரிக்கவில்லை. என் தங்கை தன் கேலிக்குத் தானே முதலில் சிரிக்கிற ரகம்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அந்தச் சுவரில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வந்தாக வேண்டும். நிஜ மரம் வைத்தால் நான் நின்றுகொண்டே தூங்க வேண்டியதுதான். ஆணி அடித்தால் வீட்டுச் சொந்தக்காரம்மா என்னையே சுவரில் மாட்டிவிடுவார். மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: துணியில் வெட்டி, மைதா பசை காய்ச்சி ஒட்டுவது. பிறகு ஈரத்துணி வைத்துத் துடைத்தால் தடம் தெரியாமல் வந்துவிடும்.

துணிக்கா பஞ்சம்? என் கடையில் புதுத்துணி தைப்பதைவிடப் பழையதைச் சரிசெய்வதுதான் அதிகம். தினமும் நாலைந்து பேன்ட்டாவது நீளம் குறைக்க வரும். வெட்டியெடுத்த கால்துண்டுகளை எறிய மனம் வராமல் பைபையாகக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்திருந்தேன். பச்சையாக இருந்ததையெல்லாம் உருவினேன். காவலாளி பேன்ட்டின் இலைப்பச்சை, பள்ளிக்கூடச் சீருடையின் கரும்பச்சை, ஆஸ்பத்திரி உடுப்பின் வெளிர்ப்பச்சை, யார் வீட்டுத் திரைச்சீலையோ ஒன்று. ஊரில் உள்ள குட்டையான ஆட்களெல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஒரு மரம் கொடுத்தார்கள் என்று பொடிசிடம் சொன்னேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

படுத்தபடியே அவள் நிறம் பிரித்துக் கொடுத்தாள். கரும்பச்சை கீழே, போகப்போக வெளிர்ப்பச்சை மேலே என்பது அவள் யோசனை. பல் போன ஜிப்பை வளைத்துக் கிளையில் தொங்கவிடலாம் என்றாள், ஒற்றைப் பொத்தான்களைப் பழமாக ஒட்டலாம் என்றாள். எண்கள் அழிந்துபோன என் பழைய டேப்பைத் தோரணமாகச் சுற்றச் சொன்னாள். நான் கணக்குப் போட்டேன். மேலே ஒரு துண்டு, கீழே வரவர இரண்டு, மூன்று, கடைசி இரண்டு வரிசையிலும் நான்கு நான்கு. நான்குக்கு இருபத்திரண்டு என்றால் துண்டுக்கு ஐந்தரை அங்குலம். தரையில் உட்கார்ந்து மளமளவென்று வெட்டித் தள்ளினேன்.

சனிக்கிழமை மதியம் கடைக்கு லீவு விட்டு ஒட்ட ஆரம்பித்தேன். உச்சியிலிருந்து மூன்றாவது வரிசை வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. நான்காவது வரிசைதான் மானத்தை வாங்கியது. அலமாரியை ஒட்டி ஆரம்பித்து மூன்று துண்டு வைத்தாயிற்று. நான்காவதுக்கு இடமில்லை. பாதித் துண்டுக்கு மேல் மூலைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. கீழே ஒட்ட வேண்டிய இன்னொரு வரிசையும் அதே நீளம்தான்.

டேப்பை எடுத்து ஒரு துண்டை அளந்தேன். ஆறரை. இன்னொன்றை அளந்தேன். அதுவும் ஆறரை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"இங்க காட்டு." வாங்கிப் பார்த்தவள், துண்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவினாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அக்கா! இதுக்கும் உள்ள துணி விட்டிருக்கியா?"

விட்டிருந்தேன். இருபது வருஷப் பழக்கம். எதை வெட்டினாலும் தையலுக்கும், பின்னால் பிரித்துவிடுவதற்கும் சேர்த்து ஓரத்துக்கு அரை அங்குலம் கூட விட்டுத்தான் என் கத்தரி நகரும். ஒட்டுகிற துணிக்குத் தையல் ஏது, பிரிப்பது ஏது? கையே தன்பாட்டுக்கு அந்த வேலையைப் பார்த்துவிட்டது.

"எதுக்கு, மரம் குண்டானா பிரிச்சு விடறதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், கட்டில் ஆடியது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் பயம்.

"மெதுவாச் சிரிடி! டாக்டரம்மா கிட்ட யாரு பதில் சொல்றது?"

"சிரிக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லவே இல்லையே."

நான் கத்தரியை எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "வெட்டாதக்கா. அந்தச் சுவர்ல திரும்பிட்டுப் போகட்டும். அங்கயும் சும்மாதானே கிடக்கு."

அப்படித்தான் எங்கள் மரம் மூலை திரும்பியது. கடைசி இரண்டு வரிசையும் நான்கு அங்குலம் அடுத்த சுவருக்குப் போய் உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் வந்தார். வந்தால் பொடிசின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பேச ஒன்றும் கிடைக்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பார். சட்டம் அவருக்கும் சேர்த்துத்தானே? அன்றைக்கு மரத்தைத் தலைசாய்த்துப் பார்த்தார்.

"என்னக்கா, மரம் வளைவுல வண்டி மாதிரி ஒடிச்சுத் திரும்புது? இண்டிகேட்டர் போட்டீங்களா?"

"உங்க பொண்டாட்டி குடுத்த ரூட்டு தம்பி, அவளையே கேளுங்க."

பொடிசு மறுபடியும் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்த பார்வையில் எனக்குக் கண் கரித்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். கிளம்பும்போது, "உச்சியில ஒரு நட்சத்திரம் மட்டும் வச்சிடுங்கக்கா, மொட்டையா நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நட்சத்திரத்துக்கு மஞ்சள் வேண்டும். பொடிசு கட்டிலோரத்தில் இருந்த பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். நான் மிச்சப் பசையைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிடைத்ததா என்று கேட்கத் திரும்பினால், அவள் கையில் ஒரு சின்ன மஞ்சள் துண்டு. மெல்லிய பருத்தியில் வெள்ளைப் புள்ளி போட்டது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு சட்டைக் கை.

"இது அந்தச் சட்டைதானே?"

போன முறை அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் நான் தைத்த சட்டை. எல்லாம் முடிந்த பிறகு, யாருக்காவது கொடுத்துவிடு என்று அவள் சொன்னாள். கொடுத்துவிட்டேன் என்று நானும் சொன்னேன். உண்மையில் கொடுக்கவில்லை. தையலைப் பிரித்து, நாலு துண்டாக்கி, பையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். பச்சை தேடின மும்முரத்தில் அது அங்கே கிடப்பதையே மறந்திருந்தேன். பொய் சொன்னதைவிட, மறந்ததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

"குடுத்துட்டேன்னு சொன்னியே."

"முடியலடி. வேற ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல போறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. எரிக்கவும் மனசு வரல. அதான் பிரிச்சுப் போட்டேன்."

இடது பக்கம் படுக்க வேண்டியவள், முதல் தடவையாகச் சுவருக்கு முதுகைக் காட்டி வலது பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பினாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. மஞ்சள் துண்டு அவள் கைக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் கடையில் நான் நானாக இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருவர் பேன்ட்டில் ஒரே காலை இரண்டு முறை குறைத்துவிட்டேன். நடுவில் சாப்பாடு கொடுக்கப் போனபோது அவள், "வச்சுட்டுப் போ" என்றாள், அவ்வளவுதான். நானே போய் அவள் மனசைக் கிளறிவிட்டேனே, ஏதாவது ஆகிவிட்டால் என் கையாலேயே ஆனதாகிவிடுமே என்று நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். அவள் இடது பக்கமாகத்தான் படுத்திருந்தாள். பையில் இருந்தது பாதி கட்டிலில் கொட்டிக் கிடந்தது. அவள் முன்னால், விரிப்பின் மேல், நாலு மஞ்சள் துண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. முன், பின், இரண்டு பக்கமும் கை. தைக்காத ஒரு சட்டை.

"நாலும் இருக்கு," என்றாள். "காலர் கிடையாதா இதுக்கு?"

"கைக்குழந்தைக்கு என்னத்துக்குடி காலர்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சட்டத்தை மீறிவிட்டேன். அவள் திட்டவில்லை. முன்துண்டின் ஓரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

"உள்ள ரொம்பத் துணி விட்டிருக்க. ஒரு இஞ்சு இருக்கும் போல."

"பிள்ளைங்க துணிக்கு அப்படித்தான் விடுவேன்."

"எத்தனை நாளைக்கு வரும்?"

"பிரிச்சுப் பிரிச்சு விட்டா, ரெண்டு வயசு வரைக்கும் தாங்கும்."

அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுக்கி என் கையில் வைத்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

"தைச்சுடுக்கா," என்றாள். "ஓரத்தை மட்டும் வெட்டிடாத."

ஊசியில் நூல் கோக்க எனக்கு நாலு தடவை ஆயிற்று. கண் சரியில்லை என்று சொன்னேன், அவளும் நம்பின மாதிரி இருந்தாள். பழைய தையல் ஓட்டைகளின் மேலேயே புதுத் தையலை ஓட்டினேன். நட்சத்திரம் வைக்கிற இடத்தில் ஒரு நூலை ஒட்டி, அதில் அந்தச் சட்டையைத் தொங்கவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று லாரிக்காரர் வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்து நின்றார், பிறகு மறுபடியும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பொடிசு தானாகவே, "பேரு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். மனுஷன் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

மரத்தைப் பங்குனி வெயில் வரும்வரை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தபோது பசை தடம் தெரியாமல் வந்தது, சொந்தக்காரம்மாவுக்கு வேலை வைக்கவில்லை. அந்தச் சட்டையை இதுவரை இரண்டு தடவை ஓரம் பிரித்துவிட்டிருக்கிறேன். உள்ளே இன்னும் கால் அங்குலம் மிச்சம் இருக்கிறது.