செல்வி பினாயில்

நூல் மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் நூல் சுற்றி நின்றே பழகிய அன்புச்செல்விக்கு, மில்லை மூடிய பிறகு மதுக்கரையில் வேறு வேலை அமையவில்லை. அந்த நேரத்தில்தான் சுயதொழில் பயிற்சி ஒன்றுக்குப் போய் வெள்ளை பினாயில் தயாரிக்கக் கற்றுக்கொண்டாள். வகுப்பெடுத்த அம்மாள், "வேண்டாம்னு சொன்ன கடைக்கே மறுபடியும் போங்க. விடாமப் போனா யாவாரம் நிச்சயம்" என்று சொல்லியிருந்தார். அன்புச்செல்வி அதை அப்படியே நம்பிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் டிரம் வைத்துக் கலக்கினாள். 'செல்வி பினாயில்' என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினாள். அவள் கணவன் காளிச்சாமி சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பேரு நல்லாத்தான் இருக்குது புள்ள. ஆனா எவன் வாங்குவான்?"

கட்டைப் பையோடு பஸ் ஏறி சுந்தராபுரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினாள். யாரும் அவளை விரட்டவில்லை, விரட்டியிருந்தால்கூடத் தேவலை. "உக்காருங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொடுத்தார்கள். "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதே தண்ணீர், அதே பதில்.

அந்தக் கடைகளில் பெரியது லட்சுமணசாமியுடைய டிபார்ட்மென்ட் ஸ்டோர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே போய் நிற்பாள். மழையிலும் போனாள், காய்ச்சலோடும் போனாள். ஒரு செவ்வாய் அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க, ஒரு பெட்டி வெச்சுட்டுப் போங்க" என்றார். பணத்தையும் கையோடு கொடுத்தார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிப் போனாள். அடுத்த மாதம் இன்னொரு பெட்டி எடுத்தார். அதற்கடுத்த மாதமும் எடுத்தார்.

"ஏனுங்க, நீங்க மூட்டை தூக்கறத உட்டுப்போடுங்க. வண்டி ஒண்ணு புடிச்சு நாமளே சப்ளை பண்ணலாமுங்க."

காளிச்சாமி இந்த முறை சிரிக்கவில்லை. பழைய டி.வி.எஸ். வண்டி ஒன்றை விசாரிக்கவும் தொடங்கினான்.

நாலாவது பெட்டியோடு அவள் போனபோது லட்சுமணசாமி கடையில் இல்லை. பில் போடுகிற பெண் நிமிராமலே, "மாடியில வெச்சுருங்கக்கா" என்றாள்.

மாடியில் சரக்கறை. காலி அட்டைகளுக்கும் ஓடாத ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் அவளுடைய மூன்று பெட்டிகளும் அடுக்கியிருந்தன. முதல் பெட்டி மட்டும் பிரித்திருந்தது. அதிலும் ஒரே ஒரு பாட்டில்தான் குறைந்திருந்தது. மற்ற இரண்டும் அவள் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தன.

லட்சுமணசாமி படியேறி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடி வெச்சுப் பாத்தேனுங்க அம்மணி" என்றார் அவர். "எல்லாரும் டி.வி.யில வர்ற பேரைத்தான் கேக்கறாங்க. உங்க பாட்டிலைத் தொட ஆளில்ல."

"அப்புறம் ஏனுங்க வாங்கினீங்க?"

"வேகாத வெயில்ல வந்து வந்து நிக்கறீங்க. மனசு கேக்கலைங்க."

இத்தனை நாள் தான் விற்றது பினாயில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கம்பெனிக்காரன் ஒருத்தன் அவன் பினாயிலை நம்ம கடையில நின்னு விக்கறதுக்குப் பொம்பளை ஆள் கேக்கறானுங்க. மாசச் சம்பளம். உங்களாட்டம் விடாமப் பேசற ஆளு எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

வீட்டில் காளிச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போ புள்ள" என்று மட்டும் சொன்னான். பிறகு வண்டிக்காரனுக்கு போன் செய்து வேண்டாம் என்றான்.

மறு வாரம் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, கம்பெனி பாட்டில்கள் மினுங்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் நிற்கத் தொடங்கியதும் சரக்கு நன்றாகப் போனது. மாதக் கடைசியில் வந்த கம்பெனி சூப்பர்வைசர், "ஒருத்தரையும் உடாமப் புடிச்சுடறீங்களே! யாவாரம் உங்க ரத்தத்துலயே இருக்குதுங்க" என்று பாராட்டினான்.

அன்புச்செல்வி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையோடு ஒரு பெண் உள்ளே வருவது தெரிந்தது. "அம்மணி, ஒரு நிமிசமுங்க" என்றபடி அவளிடம் போனாள்.